நேபாளம் ஒரு நாள்

ஐம்பதைத் தாண்டிய என் வயதுக்காரர்களுக்கு, ஃபாரின் சாமான் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜப்பான் குடை இருந்தது. மழை பெய்தால் அதை நனையாமல் உள்ளே எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட காலத்தில்தான், மதுரையிலிருந்து ஒரு சுற்றுலாக்காரரின் நோட்டீஸ் அப்பாவின் அலுவலகத்துக்கு வந்தது. காசி, கயை, பிரயாகை என்று கறுப்பு எழுத்தில் வரிசையாகப் போட்டு, கடைசியில் சிவப்பில் ‘நேபாளம் ஒரு நாள்’ என்று அச்சடித்திருந்தார்கள். அப்பா அந்தச் சிவப்பு எழுத்தில் விழுந்துவிட்டார்.

அப்பாவுக்கு அரசாங்கத்தில் எழுத்தர் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை பயணச் சலுகை உண்டு. எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. அம்மா ஏழு மாதக் கர்ப்பிணியாக நத்தத்தில் தாய்வீட்டில் இருந்தாள். எனவே அப்பா, சித்தையன்கோட்டையில் இருந்த அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பிறகு நான் என்று மூன்று பேருக்குத்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள். நான்காவதாகச் சித்தியைச் சேர்த்தது அம்மாவின் பிடிவாதம்.

“அவ ஒரு ஊரும் பாத்ததில்ல. பாப்பாவையும் பாத்துக்கிருவா” என்றாள் அம்மா. பாப்பா என்றது என்னை.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. பத்தொன்பது வயது. பிரசவம் முடிந்ததும் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது, மத்தியானத்தில் பக்கத்துத் தெருத் தையல் வகுப்புக்குப் போவது என்று அவளுக்கு ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தையல் டீச்சரிடம் அம்மா பேசியும் வைத்துவிட்டாள். ரயிலில் சித்தி மற்ற பெண்களின் ரவிக்கை முதுகுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எந்தக் கழுத்து எப்படி வெட்டியது என்று என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டுவாள்.

சித்திக்குக் காது கேட்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ஆறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள் என்பார்கள். அவளுக்குப் பேச்சு வந்தது, கொஞ்சம் தட்டையாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். காது கேட்காவிட்டால் பேச்சும் வராது என்று நினைத்திருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்றார்கள். ஒன்று கேட்டால் இன்னொன்று சொன்னதை மந்தம் என்றார்கள். பேசுகிறவர்களின் முகத்தை அவள் இமைக்காமல் பார்ப்பாள். அத்தைக்கு அது ஆகாது.

“என்ன பார்வ இது, ஆள முழுங்குற மாதிரி” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன எதுவும் சித்திக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பது எனக்கு இப்போது தெரிகிறது.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி குள்ளமான மனிதர். எல்லோரும் கைடு என்றே கூப்பிட்டார்கள். கழுத்தில் ஒரு விசில் கிடக்கும். அதை ஊதினால் ஐம்பது பேரும் அவரைச் சுற்றிக் கூட வேண்டும். விசில் கேட்டு எல்லோரும் நடக்கத் தொடங்கியபின் சித்தி மற்றவர்களின் கால்களைப் பார்த்துவிட்டு நடப்பாள். எப்போதும் கடைசி ஆள் அவள்தான். காசியில் இரண்டு நாள் இப்படிக் கடைசியாக வந்ததற்கே அப்பா அவள்மேல் எரிச்சலாக இருந்தார்.

கோரக்பூரிலிருந்து ஒரு பேருந்தில் விடியற்காலையில் கிளம்பினோம். எல்லை நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. வேறு நாடு என்றால் அங்கே வேறு போலீஸ், வேறு ராஜா. அங்கே போய் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். கைடு பேருந்தின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்:

“எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க. நம்ம பஸ்ஸு இந்தப் பக்கமே நிக்கும். நடந்து தாண்டணும். அந்தப் பக்கம் வேற பஸ்ஸு. சாயந்தரம் கடைவீதியில ஒரு மணி நேரம் விடுவேன். நாலு மணிக்கு எல்லாரும் பார்டர் கேட்டத் தாண்டிரணும். அங்க உள்ள கடிகாரமெல்லாம் கால் மணி நேரம் முன்னாடி ஓடும், அதப் பாத்துக் குழம்பிக்காதீங்க. சாமான் அளவா வாங்குங்க. செக்கிங்ல மாட்டுனா நான் பொறுப்பில்ல.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அப்பா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தேசப்படத்தில் இருப்பதுபோல் தரையில் ஒரு கோடு இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். கோட்டைத் தேடித் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டீசல் புகை, கடுகெண்ணெயில் எதையோ பொரிக்கும் வாடை. ரிக்‌ஷாக்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சைக்கிளில் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போகிறவர்கள், அத்தனை பேரும் எல்லை வாசலின் ஒரே வளைவுக்குள் நுழைய முட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அத்தை என் காதருகே வந்து கத்திக்கொண்டிருந்தாள். சித்தி மட்டும் அந்தக் கூட்டத்தில் நிதானமாக, இருபுறமும் பார்த்துக்கொண்டு நடந்தாள். பயணம் கிளம்பியதிலிருந்து அன்றுதான் அவள் முகத்தில் ஒரு தெளிச்சியைப் பார்த்தேன்.

புத்தர் பிறந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பழைய கல்தூணும், பாதத்தைச் சுட்ட வெயிலும், சிவப்பாகச் சொரசொரத்த தோலுக்குள் நுங்குபோல் வழுக்கிய லிச்சிப் பழமும்தான் நினைவில் இருக்கின்றன. பெரியவர்கள் எல்லோருக்கும் மனசு கடைவீதியில் இருந்தது.

கடைவீதியில் அப்பா டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினார். அதை அவர் வாங்கிய விதத்தைப் பார்த்தால் திருடுகிறாரோ என்று தோன்றும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கருவியை என் பாவாடை சட்டைகளுக்கு நடுவே சுற்றி, மேலே ஈரத் துண்டைப் போட்டு, பையின் வாயைக் கட்டினார். அத்தை ஒரு கடையின் மறைவில் போய், தான் கட்டியிருந்த சேலைக்குள் மூன்று நைலக்ஸ் சேலைகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நடக்கவே முடியாமல் நடந்தாள்.

எனக்கு ஒரு பென்சில் டப்பா வேண்டியிருந்தது. மூடியில் காந்தம் உண்டு. பக்கவாட்டில் அமுக்கினால் ரப்பர் வைக்கும் சின்ன இழுப்பறை ஒன்று தானாக வெளியே வரும்.

“அதெல்லாம் ஊர்ல பாத்துக்கலாம்” என்றார் அப்பா. அவர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. செக்போஸ்ட் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் கேட்டது. கூட்டம் நகர்ந்தது. அப்பா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “நானும் அக்காவும் முன்னாடி போறோம். நீ பாப்பா கையப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வா. விட்றாத.”

அவர் சொன்னது சித்திக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அவள் அதற்கு முன்பே என் கையைப் பிடித்திருந்தாள்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் இருவருக்கும் குறுக்கே ஒரு லாரி வந்தது. சித்தி என்னைப் பின்னால் இழுத்து, லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த டப்பாக் கடை பத்தடி தள்ளித்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். கையை உதறினேன். அவள் விடவில்லை. மறுபடி பலமாக உதறிக்கொண்டு ஓடினேன்.

கடையில் டப்பாவை அமுக்கினேன். இழுப்பறை வெளியே வந்தது. நிமிர்ந்தபோது கடைக்காரர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் மணி நாலு பத்து. கால் மணிக் கணக்கெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. கேட்டைச் சாத்தியிருப்பார்கள், பேருந்து போயிருக்கும், நான் இந்த ராஜாவின் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான் என்று உடம்பெல்லாம் வேர்த்தது. திரும்பி ஓடினேன். பச்சைச் சேலை ஒன்று முன்னால் போனது. சித்தி என்று அதன் பின்னாலேயே ஓடினேன். வெகுதூரம் போனபின் அந்த அம்மாள் திரும்பினாள். மூக்கில் பெரிய தங்கப் பூ வைத்த, நான் பார்த்தேயிராத ஒரு முகம்.

லாரிகள் நிறுத்தும் ஒரு பொட்டலில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றி ஆட்கள் கூடினார்கள். ஆளாளுக்கு ஏதோ கேட்டார்கள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. நான் “திண்டுக்கல்லு, திண்டுக்கல்லு” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்களுக்கு அது ஊரா, பெயரா, வலியா என்று தெரிந்திருக்காது. ஒரு கிழவர் என்னிடம் பிஸ்கட்டை நீட்டினார். மயக்க மருந்து போட்டிருப்பார்கள் என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவருடைய முகம் வாடிப்போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. இன்னொருவர் என் தோளைத் தொட்டபோது கத்தி அழ ஆரம்பித்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கூட்டம் விலகியது. ஒரு ரிக்‌ஷாக்காரர் முன்னால் வர, அவர் பின்னால் சித்தி வந்தாள். செருப்பில் ஒன்றைக் காணோம். கடை கடையாக ஏறி, கையால் என் உயரத்தைக் காட்டி, இரண்டு காதோரமும் பின்னல் பின்னிக் காட்டி, கண்ணில் நீர் வழிவதுபோல் காட்டி விசாரித்திருக்கிறாள். அவளுக்கு அந்த ஊரின் மொழி தெரியாததில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நத்தத்திலும் அவள் அப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னை அடிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. என் முகத்தை முந்தானையால் துடைத்தாள். கிழவரின் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கி, தான் பாதி கடித்துவிட்டு மீதியை என் வாயில் வைத்தாள். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில், இரண்டு நாளைக்கு அங்கே சிவந்திருந்தது.

எல்லையில் நம் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். அழுது வீங்கிய முகத்தோடு ஒரு குழந்தை, கையில் சாமான் எதுவும் இல்லாமல், ஒற்றைச் செருப்போடு அதை இழுத்துக்கொண்டு வரும் ஒரு சின்னப் பெண். அந்த வழியாகக் குழந்தைகளைக் கடத்துவதுண்டு என்று பெரியவளான பிறகு அறிந்தேன். அவர் செய்தது சரிதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டோம், இனி விடமாட்டார்கள் என்பதுதான். அவர் இந்தியில் சித்தியைக் கேட்டார். சித்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து என்னைக் கேட்டார். எனக்கும் இந்தி தெரியாது. அவர் என் இன்னொரு கையைப் பிடித்து மெல்ல தன் பக்கம் இழுத்தார்.

சித்தி தன் முகத்தை என் முகத்தோடு ஒட்டி வைத்து, என் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினாள். தானும் பல்லைக் காட்டினாள். எங்கள் அம்மா வழியில் எல்லோருக்கும் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. போலீஸ்காரர் எங்கள் இருவர் பல்லையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிட்டார். கையை விட்டு, போ என்று தலையை அசைத்தார்.

காலையில் பேருந்து நின்ற இடத்தில் பேருந்து இல்லை. எனக்கு மறுபடி அழுகை முட்டியது. கொஞ்ச தூரத்தில், லாரிகளுக்கு அந்தப் பக்கம், ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு கைடு எங்களைப் பார்த்து எதையோ கத்தினார். ஹாரன் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சித்தி அவரையே உற்றுப் பார்த்தாள்.

“பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி நிக்கிதாம். வா” என்று என்னை இழுத்துக்கொண்டு வேறு திசையில் நடந்தாள். அங்கேதான் நின்றது.

பேருந்தில் ஏறியதும் எல்லா முகங்களும் எங்கள்மேல் திரும்பின. முக்கால் மணி நேரம் எங்களுக்காகக் காத்திருந்த முகங்கள். அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள்.

“எங்கடி போன, புள்ளைய இழுத்துக்கிட்டு? செத்த நேரம் ஒருத்தர் பேச்சக் கேட்டு நடக்கத் தெரியாதா ஒனக்கு?”

அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் எங்களைத் தேடித் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. மடியிலிருந்த அந்தப் பையோடு மறுபடி செக்போஸ்ட் பக்கம் போக அவருக்குப் பயம். பையைக் கீழே வைக்கவும் பயம். அந்த முக்கால் மணி நேரம் அவர் எப்படித் துடித்திருப்பார் என்பதை ஒரு தாயாக என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அந்தத் துடிப்பெல்லாம் சித்தியின் மேல் கோபமாகக் கொட்டியது.

“இந்த மந்தத்த நம்பிப் புள்ளையக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்” என்றவர், என் பக்கம் திரும்பினார். “சித்தி ஒன்னய எங்க கூட்டிட்டுப் போனா?”

அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு வழி இருந்தது. கூட்டிட்டுப் போனா என்று அவரே சொல்லிவிட்டார். நான் பேசாமல் நின்றேன்.

“சொல்லு, எங்க கூட்டிட்டுப் போனா?”

தலையைக் குனிந்துகொண்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

“விடுங்கய்யா, வந்துட்டாங்கல்ல” என்றார் கைடு. பிறகு சித்தியைப் பார்த்து, “நான் அங்கிருந்து கத்துனது ஒங்களுக்கு எப்பிடிம்மா கேட்டுச்சு? எனக்கே கேக்கல” என்றார். சித்தி லேசாகச் சிரித்தாள். அந்தக் கேள்வியை ஐம்பது பேரில் ஒருவரும் பிடித்துக்கொள்ளவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.

திண்டுக்கல் வந்து சேர்ந்த அடுத்த வாரமே சித்தியை நத்தத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி பிறந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஒரு அம்மாள் வந்தாள். “பச்சப் புள்ளைய அவகிட்டக் குடுக்க முடியாது” என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மா இரண்டு நாள் அழுதாள். தையல் டீச்சரிடம் அம்மா போய் என்ன சொன்னாளோ தெரியாது. சித்தி நத்தத்தில் புளி தட்டும் வேலைக்கும், மாம்பழக் காலத்தில் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்கும் போனாள். சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்த நேபாளக் கதை எப்படியோ அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைச் சொல்லாமல் விடமாட்டார். அந்த டேப் ரெக்கார்டரைத் தட்டிக்கொண்டேதான் சொல்வார். நான் ஒவ்வொரு தடவையும் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

இருபத்தாறு வயதில் கன்னிவாடிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. நான் பேசும்போது என் வாயையே பார்க்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் பேந்தப் பேந்த விழிக்கும். மந்தம் என்று மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் விசில் தொங்க அந்தக் குள்ளமான மனிதர் கல்லின்மேல் நின்று கத்தியது அப்படியே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை நத்தம் போய்ச் சித்தியைத் திண்டுக்கல்லில் காது டாக்டரிடம் கூட்டி வந்தேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டிச் சோதித்தார்கள். ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை மடியிலேயே இருந்தது.

“சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல போயிருக்கும். ரெண்டு பக்கமும் ரொம்பக் கொஞ்சந்தான் இருக்கு. இம்புட்டு வருசமும் வாயசைவப் பாத்தே ஓட்டிட்டாங்க போல. கெட்டிக்காரங்க” என்றார் டாக்டர்.

கருவி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வந்தது. சித்தி அதை மாட்டிக்கொண்டு முப்பத்தைந்து வயதுக்கு மேல் தையல் கற்றாள். அதெல்லாம் பிற்பாடு நடந்தது. நான் சொல்ல வந்தது டாக்டரைப் பார்த்த அன்றைக்கு நடந்தது.

நத்தம் பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தோம். பூக்கூடைகளைக் கூரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டித் தட்டி ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். சித்தி படியில் காலை வைத்துவிட்டாள். நான் அவள் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பினேன்.

“சித்தி, அன்னிக்கு நேபாளத்துல கைய உதறிட்டு ஓடுனது நான்தான்.”

“தெரியுமே. என் கையத்தான உதறுன” என்றாள்.

“அப்பா கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும்.”

சித்தி படியிலிருந்து இறங்கினாள்.

“ஒங்கப்பா பேசுனது பூராம் பாத்தேன். ஒங்க அத்த பேசுனதையும் பாத்தேன். ஒன்னய ரெண்டு வாட்டி கேட்டாரு. நீ வாயத் தொறப்பேன்னு ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் பாத்தேன், பாப்பா.”

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் குரலில் எப்போதுமே எதுவும் தெரியாது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நத்தம் பஸ் கிளம்பிப் போயிற்று. அழுதுகொண்டே நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தி என் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

“அழுவாத. அழுதா வாய் கோணிக்கிது. என்ன சொல்றேன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.